கல்கண்டு

– தறிய நிப்பாட்டாதீங்க ராத்தா. சத்தம் நிண்டா கீழ குந்தியிருக்கிறவன் எழும்பிருவான்.

– நிப்பாட்டாம எப்படிடி கதைக்கிற? நீ சொல்லுற கதைக்கு என்ட காலும் ஓடுதில்ல, கையும் ஓடுதில்ல. திரும்பச் சொல்லு பாப்பம், மீனா. ஒன்ட மகன நான் என்ன செய்யட்டாம்?

– இஞ்சயே வெச்சிருங்க. உங்கட புள்ளையா.

– ஒரு நாளைக்கா, ரெண்டு நாளைக்கா?

– சண்டை முடியும் வரைக்கும்.

– சண்டை முடியும் வரைக்குமாம்! நானும் நீயும் சட்டை போட்டுத் திரியக்குள்ள துவங்கின சண்டை. இப்ப நம்மட தலை நரைக்குது. அது முடியிற நேரம் இவனுக்குப் பேரப்புள்ளயே பொறந்திரும்.

– இவனுக்கு ஆரு ராத்தா பொண்ணு குடுக்கப் போறாங்க?

– இந்த நக்கலுக்கு மட்டும் கொறச்சல் இல்ல ஒனக்கு. மனிசன கடல் கொண்டுபோய், வீடும் போய், இப்படி ஒரு புள்ளையையும் வெச்சிக்கிட்டு எப்படித்தான் நக்கல் வருதோ.

– அழுது பாத்திட்டன் ராத்தா. ஒண்டும் நடக்கல்ல.

– சரி, இப்ப என்ன நடந்திட்டு? நேத்துக் காலையில சந்தையில கண்டன். ஒண்டும் சொல்லல்லையே நீ.

– நேத்துப் பொழுதுபடத்தான் அவங்கள் வீட்ட வந்தாங்க.

– ஆரு? ஆமியா?

– ஆமி இல்ல. நம்மட பொடியன்மார்தான், துவக்கோட. வீட்டுக்கு ஒரு புள்ள கேட்டுத் திரியிறாங்களே, அவங்கள். கதிர்காமன்ட பிரசாந்த முந்தாநாள் ஏத்திட்டுப் போயிட்டாங்க. ரியூசன் முடிஞ்சி வாற வழியில, சைக்கிள் ரோட்டோரம் கிடந்திச்சாம்.

– அல்லாஹ்வே. அது நல்லாப் படிக்கிற புள்ளையெலுவா!

– என்ட வினோஜ வாசல்ல நிக்கவெச்சி உயரம் பாத்தாங்க. பதின்மூண்டு வயசுதான் எண்டன். நம்பல்ல. தகப்பன மாதிரி நெடுத்திட்டானே. மறுகா சொன்னன், இவனுக்கு ஓட்டிசம், பேச்சில்ல, சொன்னா விளங்காது, தொட்டாக் கத்துவான் எண்டு.

– அதுக்கு?

– ஒருத்தன் சிரிச்சான். எல்லாத் தாயும் ஏதாவது ஒண்டு சொல்லுறாங்க எண்டான். மத்தவன் சொன்னான், கதைக்கத் தேவல்ல, மூட்டை தூக்கினாப் போதும் எண்டு. வெள்ளிக்கிழம வருவாங்களாம்.

– நாளைக்கெலுவா வெள்ளி!

– அதுதான் இண்டைக்கே வந்தன். உங்கட வீட்டுக்காரர் பதியுதீன் காக்கா கடைக்குப் போகுமட்டும் அந்த மதிலோரம் நிண்டிட்டு வந்தன்.

– ஒன்ட தம்பி கொழும்பில இரிக்கான்தானே? அங்க அனுப்பு.

– கொழும்பில தமிழ்ப் பொடியன ஒரு ராத்திரி நிம்மதியாப் படுக்க விடுறாங்களா? பொலிஸ் வந்து கதவத் தட்டினா இவன் காதப் பொத்திக்கொண்டு ஓடுவான். ஓடினா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதா? எங்கட ஒழுங்கையில சிவரூபினிட மகனும் நிண்ட இடத்தில நிக்காத புள்ளைதான். ஆனா அவன் வெள்ள. அவன் ரோட்டில ஓடினா, ஐயோ பாவம், வண்டி வருதே எண்டுறாங்க. என்ட கறுவல் ஓடினா, டேய் புடிடா எண்டுறாங்க. சின்னதில இருந்து நான் பாத்துக்கொண்டுதான் வாறன்.

– மூண்டு மாசத்துக்கு முந்தி சந்தி ஆமிச் சென்றியில நடந்தத றஸாக் வந்து சொன்னான். ஏதோ ஓடப் பாத்தானாம், தான் போய் வெலக்கிவிட்டதாம் எண்டு.

– உங்கட தம்பி பாதியத்தான் சொல்லியிருக்காரு. நீங்க பயப்படுவீங்க எண்டு விட்டிருப்பாரு. அந்த அட்டை ஞாபகமிருக்கா? இவனுக்குப் படிப்பிச்ச உசாந்தினி மிஸ் செஞ்சு தந்தது. எனக்குக் கதைக்க ஏலாது, நான் கெட்டவன் இல்ல எண்டு மூண்டு பாஷையிலயும் எழுதினது.

– மறப்பனா? கழுத்தில கட்ட நூல் தந்த ஆள் நான்தானே. இந்தத் தறியில மிஞ்சின கறுப்பு நூல்.

– அந்த நூலத்தான் ராத்தா சென்றிக்காரன் கண்டான். அட்டை சேட்டுக்குள்ள கிடந்திச்சி. வெளியால தெரிஞ்சது நூல் மட்டுந்தான். இவன் பயம் வந்தா அந்த நூல எடுத்துச் சப்புவான், தெரியுந்தானே. சென்றிக்காரன் சத்தம் போட்டதும் சேட்டுக்குள்ள கைய விட்டான். நூல இழுத்து வாய்க்குள்ள வெச்சான்.

– யா அல்லாஹ்! குப்பி எண்டு நெனச்சானுகளா?

– ஓம். சயனைட் கடிக்கிறான், புலி, புலி எண்டு கத்தினான். துவக்க நெஞ்சுக்கு நேர புடிச்சிட்டான். அவனும் சின்னப் பொடியன்தான் ராத்தா, அவன்ட கையும் நடுங்கினத நான் கண்டன். நடுங்கிற கைதான் வெடிக்கும். நான் பெத்த புள்ள, வருத்தக்காரப் புள்ள எண்டு கத்தினன். ஆரும் என்ன மனிசியா எடுக்கல்ல. அப்பதான் றஸாக் மோட்டச்சைக்கிள அப்படியே ரோட்டில போட்டிட்டு ஓடிவந்தாரு. தன்ட தொப்பியக் கழட்டி இவன்ட தலையில வெச்சி, என்ட மருமகன், ஊமை எண்டு சிங்களத்தில சொன்னாரு. உடன துவக்க இறக்கிட்டான். முதுகில தட்டிப் போகச் சொன்னான்.

– நான் தந்த நூலா. என்ட கையால வெட்டித் தந்த நூல்.

– உங்கள ஆரு ராத்தா குறை சொன்ன? ஊர் உலகம் இவனுக்கு நல்லது செய்யட்டும் எண்டு நான்தானே அட்டை கேட்டன். நான் சொன்ன உண்மைய நம்பல்ல, றஸாக் சொன்ன பொய்ய நம்பினாங்க. அண்டைக்கே எனக்கு விளங்கிட்டு. தமிழனா இருந்தா இவன் ஒண்டு இந்தப் பக்கம் சாவான், இல்லாட்டி அந்தப் பக்கம் சாவான். தொப்பி போட்டா ரெண்டு பக்கமும் விட்டிருவாங்க.

– நீ வெளங்காமக் கதைக்கிறா மீனா. ஒங்கட ஊருக்கும் எங்கட மருதமுனைக்கும் நடுவில ஒரு ரோட்டுத்தான். போன மாசம் அந்த ரோட்டிலதான் டயர் எரிச்சானுகள். மருதமுனையான் தமிழ்ப் புள்ளைய வெச்சி மதம் மாத்துறான் எண்டு ஒருத்தன் வாயத் துறந்தாக் காணும். எரியிறது என்ட ஊடு மட்டுமில்ல, இந்தத் தெருவே எரியும்.

– தெரியும்.

– தெரிஞ்சிமா கேக்கிறா?

– தெரிஞ்சுதான் கேக்கிறன். வேற இடம் இருந்தாக் கேக்க மாட்டன்.

– பள்ளிவாசல்ல என்ன சொல்லுவன்? கலிமா சொல்லாத புள்ளைக்குத் தொப்பி போட்டு ஊர ஏமாத்துறது பாவமெலுவா?

– புத்தி வளராத புள்ளைக்குப் பாவம் எழுதுறல்ல எண்டு நீங்கதானே சொன்னீங்க, நோன்பு நேரம்.

– அவனுக்கு எழுத மாட்டாங்கடி. புத்தி இரிக்கிற எனக்கு எழுதுவாங்களே!

– அந்தப் பாவத்த என்ட பேரில போடச் சொல்லுங்க.

– ஒன்ட கடவுளும் என்ட அல்லாஹ்வும் ஒரே கந்தோரிலயா வேலை செய்யிறாங்க, பேர மாத்தி எழுத?

– ராத்தா. கடல் வந்த அண்டைக்கு நீங்க புடிச்ச கைதானே இது.

– அந்தக் கதைய எடுக்காத.

– நீங்க புடிக்காட்டி அண்டைக்கே முடிஞ்சிருக்கும்.

– எடுக்காத எண்டன். நான் புடிச்சது என்ட மகன் முஸம்மில்ட கை எண்டு நெனச்சி. கறுத்தத் தண்ணி, கண் தெரியல்ல, சின்னக் கை ஒண்டு தட்டுப்பட்டிச்சி, இறுக்கிப் புடிச்சன். தண்ணி வத்திப் பாத்தா ஒன்டவன் நிக்கான். கத்தவும் இல்ல, அழவும் இல்ல. என்டவன் இல்ல. இத நான் ஆருக்கும் சொன்னதில்ல.

– சொல்லத் தேவல்ல. அவன என்ட கையில தரக்குள்ள உங்கட முகத்தப் பாத்தன். அப்பவே தெரியும்.

– தெரிஞ்சிமா ரெண்டு வருசமா என்ட ஊட்டுக்கு வந்து போனா?

– வேற ஆரு இவன உள்ளுக்கு எடுத்தாங்க, சொல்லுங்க. பள்ளிக்கூடத்தில மத்தத் தாய்மார் கூடி வந்து, இந்தப் புள்ள இருந்தா எங்கட புள்ளைகளக் கூட்டிக்கொண்டு போறம் எண்டாங்க. திரௌபதையம்மன் கோயில்ல இவனுக்காகத் தீ மிதிச்சன். என்ட மாமியார் அங்கயே வெச்சிச் சொன்னா, கறுப்பும் ஊமையும் சேத்துப் பெத்துப்போட்டு நெருப்பில இறங்கினா வெளுக்குமா எண்டு. வெள்ளைக்காரர்ட நிலையத்துக்குக் கொண்டுபோனன். சுனாமியில பயந்த புள்ளைகளுக்கு மட்டுந்தான் எண்டாங்க. இவன் பயந்ததால இப்படியில்ல, பொறந்ததே இப்படித்தான் எண்டு நான் நேராச் சொன்னன். அப்ப இடமில்ல எண்டாங்க. வாசல்லயே குந்திட்டன், இவனயும் வெச்சிக்கொண்டு. வாறவன் போறவனெல்லாம் எங்களத் தாண்டித் தாண்டி அலுத்துப்போய்த்தான் எடுத்தாங்க.

– ஓம், ஒன்ட பிடிவாதம் ஊரறிஞ்சது.

– என்ன பிடிவாதம் புடிச்சும் ஒரு வருசந்தான். சண்டை திரும்பத் துவங்கினதும் வெள்ளைக்காரர் வாகனத்தில ஏறிப் போயிட்டாங்க. உசாந்தினி மிஸ்ஸும் கனடாவுக்குப் போயிட்டா.

– ஆனா அந்த ஒரு வருசத்தில ஒரு சொல்லுச் சொன்னானே. அம்மா எண்டு. எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்கிது. தலைய விரிச்சிக்கிட்டு ரோட்டக் கடந்து ஓடிவந்தா நீ. தறியில இரிந்த என்ட வாய்க்குள்ள கல்கண்ட திணிச்சிட்டு, ராத்தா, அம்மா எண்டிட்டான், அம்மா எண்டிட்டான் எண்டு குதிச்சா.

– ஓம்.

– பன்னெண்டு வயசில மொத சொல்லு. இப்பவும் சொல்லுறானா?

– இல்ல. மறந்திட்டான்.

– மறந்திட்டானா? அதெப்படி மறக்கும், பெத்தவளக் கூப்பிடுறது?

– மறக்கும் ராத்தா. கூப்பிட்டுக் கேக்க ஆளில்லாட்டி மறக்கும்.

– அந்த மிஸ் போனதாலதான் போல. பாவம், ஒனக்கெண்டு கிடைச்ச ஒரு சொல்லு. அதுவும் நிக்கல்லையே!

– நூலப் பாருங்க, அந்தக் கரைப் பக்கம். அறுந்திரும் போல கிடக்கு.

– கிடக்கட்டும், பழைய நூல். மீனா, ஒனக்கு ஒண்டு சொல்லட்டா? மனசு ஓமெண்டாலும் எனக்கு இவனப் பாக்கத் தெரியாதே. வந்து தறிக்குக் கீழ குந்திக்கிட்டு நூல இழுத்துக்கிட்டு நாடா போய் வாறதப் பாப்பான், நான் கால மிதிப்பன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

– மத்தது நான் சொல்லித் தாறன். கேளுங்க. சோத்தில கறி படக்கூடாது. சோறு வேற, கறி வேற. பட்டா அந்தக் கோப்பையே வேணாம் எண்டுருவான். குளிக்க வாக்கக்குள்ள தலையில தண்ணி ஊத்தாதீங்க. கடல் எண்டு நெனைக்கிறான். துணிய நனைச்சித் துடைங்க. நகம் வெட்டுறது நித்திரையிலதான்.

– பாங்குச் சத்தத்துக்கு? எங்கட ஊட்டுக்குப் பக்கத்திலதான் ஸ்பீக்கர்.

– பாங்கு புடிக்கும். எங்கட வீட்ட கேக்கிற நேரமே வாசலுக்கு வந்து நிப்பான். வெடி, சைரன், நாய் குரைக்கிறது, இதுகள்தான் ஏலாது. மறுகா, இந்த டப்பா. கல்கண்டு. இதுதான் எல்லாம். நீங்க வேணுமெண்டு நெனைக்கிறதச் செஞ்சானா, அந்தக் கணமே ஒரு துண்டு. சுணங்கினா எதுக்குக் குடுத்தீங்க எண்டு அவனுக்கு விளங்காது.

– வேண்டாததச் செஞ்சா?

– அடிக்காதீங்க, ஏசாதீங்க. பாக்காதீங்க. காணாத மாதிரி, கேக்காத மாதிரி இருங்க. முகத்தத் திருப்பிருங்க. தன்ட கையக் கடிச்சிக் கடிச்சி ரத்தம் வரக்குள்ளயும் மிஸ் அப்படித்தான் இருக்கச் சொன்னா. பாவம் பாத்துக் கிட்டப் போனா விடமாட்டான், ஒரு தரம் கிட்டப் போனாலும் திரும்ப முதல்ல இருந்து எண்டு சொல்லுவா. கல்லா இருந்தன். விட்டிட்டான்.

– நீ கல்லா இருப்பா. எனக்கு ஏலுமா தெரியல்ல.

– ஏலும். கொஞ்ச நாளைக்கு உள்ளுக்கு எரியும், மறுகா பழகிரும்.

– அதெல்லாம் சரி. தொப்பியும் போட்டு ரோட்டில இறங்கிட்டான் எண்டு வை. ஆராவது மறிச்சிப் பேர் கேட்டா? றஸாக் எல்லா இடமும் நிப்பானா? வாய் இல்லையே இவனுக்கு.

– பேர் ஆருக்கு வேணும் ராத்தா? பேர எவனும் மாத்திச் சொல்லலாம். அவங்கள் கைய முறுக்குவாங்க. நொந்தா புள்ள தாயக் கூப்பிடும். தமிழ்ப் புள்ள அம்மா எண்டு கத்தும், உங்கட புள்ள உம்மா எண்டு கத்தும். அத வெச்சித்தான் ஏத்துறதும், விடுறதும்.

– சரி, இவன் என்னெண்டு கத்துவான்?

– பாருங்க. வினோஜ். தம்பி, இஞ்ச பார். இவங்க ஆரு?

– ம்ம்ம்ம்.

– தம்பி. ஆரு?

– உம்மா.

– இந்தா கல்கண்டு. கெட்டிக்காரன் என்ட புள்ள. ராத்தா? ராத்தா, தறி நிண்டிட்டு. மிதிங்க, அவன் எழும்பப் போறான்.

– என்னத்தடி செஞ்சி வெச்சிரிக்கா நீ! இந்தா, மிதிக்கிறன்.

– கண்ணத் துடைங்க.

– முஸம்மில் போனதுக்குப் புறகு இந்த ஊட்டுக்குள்ள அந்தச் சொல்லு கேக்கல்ல, மீனா. தெருவில வேற புள்ளையள் கூப்பிடக்குள்ளயும் நான் கதவச் சாத்திருவன்.

– தெரியும். ஆனா உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டன் ராத்தா. உங்கட மனசக் கரைக்க எண்டு நான் பழக்கல்ல. அவன்ட உசிருக்காகப் பழக்கினன். அதில உங்களுக்கும் ஒண்டு கிடைச்சா, கிடைக்கட்டும்.

– தொப்பி கொண்டாந்தியா?

– ஓம். கல்முனை பசார்ல வாங்கினன். தலையில எதுவும் வைக்க விடமாட்டான், துவாயத் துண்டு வெச்சித்தான் பழக்கினன். இப்ப அதக் கழட்டுறல்ல.

– காட்டு. இதா? மடிப்புக்கூடக் கலையல்லையே! இதப் போட்டுக்கிட்டு ரோட்டில இறங்கினா, நேத்து வாங்கின தொப்பி எண்டு கண்ணில்லாதவனுக்கும் தெரியும். அந்த அலுமாரிக்கு மேல தகரப் பெட்டி இரிக்கி. எட்டி எடு.

– முஸம்மில்டயா? வேணாம் ராத்தா.

– எடுடி. கடல் வாறதுக்கு முந்தின நாள் தொப்பிய ஓதுற பள்ளியில மறந்து வெச்சிட்டு வந்திட்டான். ஏசினன் அண்டைக்கு. அயத்துட்டு வந்ததாலதான் இது மிச்சம். நான் கழுவல்ல. விளிம்பில எண்ணெய்க் கறை கிடக்கு பாரு. அந்தக் கறைதான் இவனுக்கு வேணும்.

– அளவு சரியா இருக்கே!

– இரிக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே வயசுதானே. வளர்ற புள்ளையெண்டு அப்ப பெரிசா வாங்கினன்.

– பதியுதீன் காக்கா என்ன சொல்லுவாரு?

– அவருக்கு நான் சொல்லிக்கிறன். இந்தத் தொப்பியோட ஒரு புள்ள வாசல்ல நிக்கிறதக் கண்டா அந்த மனிசனுக்குக் கதை வராது. ஊருக்குக் கேட்டா, இறக்காமத்தில இரிந்து வந்த சொந்தக்காரப் புள்ள, சொகமில்ல எண்டு சொல்லுறன். நம்புறவன் நம்பட்டும். ஆனா மீனா, நம்பாதவனும் இரிப்பான். நான் ஒனக்கு வாக்குத் தரமாட்டன்.

– வாக்கு வேணாம். இண்டைக்கு இருந்தாக் காணும். நாளைக்கு இருந்தாக் காணும்.

– வெள்ளிக்கிழம வந்து கேட்டா நீ என்ன சொல்லுவா?

– ஆத்தில விழுந்திட்டான் எண்டு சொல்லுவன். வாய்க்கால் வாய்க்காலாத் தேடித் திரிவன். அழுறது கஷ்டமில்ல.

– எப்ப வருவா, இவனப் பாக்க?

– வரமாட்டன்.

– என்னடி கதை இது? ஒரு ரோட்டத் தாண்டினா ஒன்ட ஊடு!

– அதாலதான். நான் வந்தா ஊர் காணும். இவனும் காணுவான். நீங்களும் அந்தப் பக்கம் வராதீங்க. காத்து மாறினா உங்கட தறிச் சத்தம் எங்கட கிணத்தடிக்குக் கேக்கும். ஓடுது எண்டா, கீழ குந்திக்கொண்டு நாடாவப் பாக்கிறான் எண்டு நெனைச்சுக்குவன்.

– ஓடாட்டி?

– ஓட்டுங்க ராத்தா. நாளும் கொஞ்சம் ஓட்டுங்க. வேற ஒண்டும் கேக்கல்ல நான். இப்ப நான் போறன். அவன் நாடாவில இருக்கிற நேரமே போயிரணும்.

– நில்லு. ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ.

– வேணாம்.

– தலையயாவது ஒருக்காத் தடவிட்டுப் போடி, பெத்தவ.

– தடவினா அவனுக்கு விளங்கிரும். நீங்க என்னப் பாக்காதீங்க, தறியப் பாத்து மிதிங்க. போயிட்டு வாறன் எண்டும் நான் சொல்லல்ல.

– மீனா.

– மிதிங்க ராத்தா.

– மிதிக்கிறன், மிதிக்கிறன். ஐயோ! நூல் அறுந்திட்டே! நாடா சிக்கிட்டு. மீனா, எழும்பிட்டான், ஒன்னத்தான் பாக்கான்.

– அம்மா.

– மீனா! கேட்டியா? அம்மா எண்டான்! அல்ஹம்துலில்லாஹ், மறக்கல்லடி, புள்ள மறக்கல்ல!

– அம்மா.

– ஏன்டி அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிறா? கிறுகிப் பாரேன், கை நீட்டுறான்! இந்தா மகன், இந்தா, நல்ல புள்ள, இந்தா கல்கண்டு.

– குடுக்காதீங்க ராத்தா! மூண்டு மாசமா அந்தச் சொல்ல மறக்கவைக்கத்தான் நான் கல்லா நிக்கிறன். நீங்களும் அவனப் பாக்காதீங்க, கேக்காத மாதிரி இருங்க, நூல முடிச்சுப் போட்டுத் தறிய ஓட்டுங்க.